மட்டக்கடை அக்காவும் பதினோரு வருஷத்துப் படுதாவும்

மட்டக்கடை அக்கா இறந்துபோய் மூன்று மாதமாகிறது. இன்னும் அந்தக் கடை வாசலில் யாராவது ஒருவர் வந்து நின்று, "சிவப்பு வாங்கலாமா, பச்சை வாங்கலாமா?" என்று கேட்கத்தான் செய்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் முகம் போகிற போக்கைத்தான் இனி பார்க்க முடியாது.

எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைப்பாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பாள். துடைத்து முடிக்கிற வரைக்கும் வந்தவர் நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு, நூறு தடவை சொன்ன பாடத்தை நூற்றியோராவது தடவை சொல்லப் போகிற வாத்தியார் மாதிரி ஒரு பெருமூச்சு.

கட்டட வேலையில் மட்டம் பார்க்கிற லேசர்தான் விஷயம். உள்ளங்கையில் உட்காருகிற பெட்டி. முக்காலியில் வைத்து முடுக்கினால் சுவர் முழுக்க ஒரே உயரத்தில் ஒளிக்கோடு ஓடும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு டைல்ஸ் ஒட்டலாம், ஜன்னல் வைக்கலாம், ஃபால்ஸ் சீலிங் கட்டலாம். கோடு சிவப்பிலும் வரும், பச்சையிலும் வரும். பச்சை கண்ணில் அடிக்கிற மாதிரித் தெரியும். ஆனால் விலை கூட, பேட்டரியையும் உறிஞ்சித் தள்ளிவிடும். சிவப்பு அடக்கமாக எரியும், சாயங்காலம் வரைக்கும் சளைக்காது.

அக்கா மூன்று கேள்வி கேட்பாள். "உள்வேலையா, வெளிவேலையா? எத்தனை மீட்டர் தள்ளி நின்னு குறிப்பீங்க? வெயில் வருமா?" பதிலைப் பொறுத்து ஒரு பெட்டியை எடுத்து வைப்பாள். பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சிவப்புதான். "இல்லக்கா, பச்சைதான் கரெக்டா இருக்கும்னு சொல்றாங்க" என்று யாராவது இழுத்தால் போதும்.

"யார் சொன்னாங்க? கோடு பளிச்சுனு இருந்தா நேரா இருக்கும்னு எந்த ஊர்ல எழுதி வெச்சிருக்கு? பளிச்சுனு தெரியறது உங்க கண்ணுக்கு. நேரா இருக்கறது பெட்டிக்குள்ள. ரெண்டும் வேற வேற."

அதற்கும் மசியாதவர்களுக்கு அவளிடம் ஒரு வசனம் இருந்தது. கடைத்தெருவே சிரிக்கிற வசனம். "சிவப்புக் கோடு தெரியலன்னா லேசரை மாத்தாதீங்க தம்பி. கண்ணாடியை மாத்துங்க."

அந்த வசனத்தை அவள் எத்தனை வருஷம் சொன்னாளோ, அத்தனை வருஷமும் அதைக் கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்காரர்.

*

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்தக் கடைக்கு பில் எழுத வந்தவள் அக்கா. அப்போது கடையில் விற்றதெல்லாம் ரசமட்டமும், தூக்குக்குண்டும், மட்டக்கயிறும், குழாய் மட்டமும்தான். முதலாளி பிள்ளைகளோடு இருக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாவியோடு ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்: எந்த மட்டத்தையும் திருப்பி வைத்துப் பார்க்காமல் விற்கக் கூடாது. லேசர் வந்த பிறகும் அக்கா அதை விடவில்லை. கடையின் இந்தச் சுவர் ஓரம் பெட்டியை வைத்து இரண்டு சுவரிலும் குறிப்பாள். அந்தச் சுவர் ஓரம் கொண்டுபோய்த் திருப்பி வைத்து மறுபடி குறிப்பாள். குறிகள் பொருந்தினால்தான் பெட்டி வெளியே போகும். பொருந்தாததைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்புவாள். வாங்க வந்தவர் அவசரம் என்று குதித்தால், "குதிங்க. தரை மட்டமாத்தான் இருக்கு" என்பாள்.

அவரை அவள் பார்த்ததே அந்தக் கடையில்தான். தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற குழாய் மட்டம் வாங்க வந்தார், ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு. வாங்கிப் போனதை மறுநாளே கொண்டுவந்து, குழாயில் காற்றுக்குமிழி நிற்கிறது என்றார். தண்ணீரை எப்படி ஊற்றுவது என்று அவள் கத்துக்கொடுத்தாள். அடுத்த வாரமும் குமிழி நின்றது. அதற்கடுத்த வாரமும். நான்காவது தடவைதான் அவளுக்கு உறைத்தது, குமிழியில் ஒன்றும் கோளாறில்லை என்று.

கல்யாணத்துக்குப் பிறகும் குழாய் மட்டத்தை வைத்தே அவர் வண்டி ஓடியது. லேசர் சந்தைக்கு வந்து கொஞ்சம் மலிந்ததும், கடைக்கு வந்ததிலேயே நல்ல சிவப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நான்கு தடவை திருப்பிப் பார்த்து, அவருக்குக் கொடுத்தாள் அக்கா. அவர் வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தார். பகல் வேளை.

"தெரியுதா?"

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் படுதா.

எந்த வேலைக்குப் போனாலும் முதல் காரியமாக அவர் ஜன்னல்களையெல்லாம் கறுப்புப் படுதா போட்டு மூடுவார். அந்தப் படுதாக்களை உருட்டி ஒரு கட்டு, ஆணிகள் ஒரு டப்பா, கயிறு ஒரு சுருள் என்று பாதி வண்டி அதற்கே போய்விடும். மூடி முடிக்கவே ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு உள்ளே காற்று கிடையாது. அவரிடம் வேலை பார்த்த நெட்டையன், எல்லாரும் ஏணி என்று கூப்பிடுகிற ஆள், வேர்வையில் குளித்துக்கொண்டே கேட்பான்: "அண்ணே, நாம சீலிங் போட வந்தோமா, சினிமா காட்ட வந்தோமா?"

"கோடு கூர்மையா வரணும்டா."

"எனக்கு இப்பவே தெரியுதுண்ணே."

"உனக்குத் தெரியும்."

அதோடு பேச்சு முடிந்துவிடும். தொழிலில் அவருக்குப் படுதா அண்ணன் என்றே பேராகிவிட்டது. வேலை சுத்தம் என்பதால் ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள். அக்காவால் மட்டும் பொறுக்க முடியவில்லை. லேசர் கடைக்காரி புருஷன் இருட்டறையில் வேலை பார்க்கிறான் என்றால் கடையைப் பற்றி நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

"ஊர்ல அத்தனை பேரும் அதே சிவப்பை வெச்சு வேலை பாக்கறாங்க. உங்களுக்கு மட்டும் எதுக்குங்க இந்தக் கூத்து?"

"என் வேலை, என் முறை."

"முறையா? போன வாரம் அந்த வீட்டம்மா என்கிட்ட வந்து, உங்க வீட்டுக்காரர் போட்டோ கழுவறாரான்னு கேக்கறாங்க."

அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். எதையாவது மழுப்ப வேண்டுமென்றால் அவருக்கு ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

*

பதினோரு வருஷம் இப்படிப் போன பிறகு அந்தக் கண்ணாடிக் கூடம் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கிற கூடம். இருபது மீட்டர் நீளம். மூன்று பக்கம் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, ஒரு பக்கம் மட்டும் சுவர். அவருக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை அதுதான். இது ஒழுங்காக முடிந்தால் மேலே இருக்கிற நான்கு மாடிக்கும் அவரையே வைத்துக்கொள்வதாக என்ஜினியரம்மா சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்: கண்ணாடிச் சட்டத்தில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது, ஒரு கயிறு கட்டக் கூடாது.

அன்று சாயங்காலம் அவர் கடைக்கு வந்து, அடுக்கில் இருந்த பச்சைப் பெட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"என்ன?" என்றாள் அக்கா.

"இல்ல, கூடம் கொஞ்சம் வெளிச்சமா இருக்கு."

"உள்சுவர்ல வெயில் விழுதா?"

"விழல."

"பத்து மீட்டருக்கு மேல போகுமா?"

"நடுவுல வெச்சா போகாது."

"அப்புறம் எதுக்குப் பச்சை? உங்ககிட்ட இருக்கறது தங்கம் மாதிரி பெட்டி. நான் கைப்படப் பாத்துக் கொடுத்தது."

"எல்லாரும் இப்ப பச்சைக்கு மாறிட்டாங்க."

அக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. நாள் பூராவும் வாடிக்கைக்காரர்களிடம் மாரடித்த அதே வாக்கியம், சொந்த வீட்டு வாயிலிருந்தும் வருகிறதே என்ற எரிச்சல். கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதைக்கூடப் பார்க்கவில்லை.

"சிவப்புக் கோடு தெரியலன்னா லேசரை மாத்தாதீங்க. கண்ணாடியை மாத்துங்க."

நின்ற இருவரும் சிரித்தார்கள். அவரும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். பச்சைப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஐந்து நாள் கழித்து ஒரு டைல்ஸ்காரர் கடைக்கு வந்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கேட்டார். "ஏங்க்கா, உங்க வீட்டுக்காரரே எதிர்க்கடையில பச்சை வாங்கியிருக்காராமே? அந்தக் கடைக்காரர் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்காரு."

எதிர்க்கடை என்றால் சாலைக்கு நேர் எதிரே. அங்கே பெட்டியைத் திருப்பிப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பெட்டியின் மேல் அட்டையில் போட்டிருப்பதை உரக்கப் படிப்பார் அந்தக் கடைக்காரர், அவ்வளவுதான்.

அன்று வீட்டில் பாத்திர மூடிகள் பேசின. அவர் "என்ன ஆச்சு?" என்று ஒரு தடவை கேட்டார். "ஒண்ணும் ஆகல. எல்லாம் பளிச்சுனு இருக்கு" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தொலைந்து போகட்டும் என்று அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏணி கடைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, சீலிங் சாஞ்சிருக்காம். என்ஜினியரம்மா பிடிச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பிரிச்சுச் சரி பண்ணலன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்னுட்டாங்க. அண்ணன் ஒண்ணும் பேசாம உக்காந்திருக்காரு."

அக்கா ஷட்டரை இறக்கினாள். ஒரு சிவப்புப் பெட்டியையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டாள். வழி முழுக்க அவள் வாய்க்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போனாள். நல்ல பேச்சு. ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருந்தது.

கூடத்தில் நுழைந்ததுமே சாய்வு தெரிந்தது. கண்ணாடியின் மேல்சட்டத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு கோடியில் ஒரு விரல் இடைவெளி, மறு கோடியில் இரண்டு விரல். என்ஜினியரம்மா அவளைப் பார்த்ததும், "நீங்கதான் மட்டக்கடை அக்காவா? உங்க வீட்டிலயே இப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் சாரத்துக்குக் கீழே ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் பச்சைப் பெட்டி.

அக்கா பச்சைப் பெட்டியை எடுத்து, குறுக்கே ஓடிய நடைவழியில் வைத்து, கடையில் செய்கிற மாதிரியே இரண்டு சுவரிலும் குறித்து, திருப்பி வைத்துக் குறித்தாள். குறிகளுக்கு நடுவே ஏணியின் கட்டைவிரல் நுழைந்தது.

"பாத்தீங்களா? எவ்வளவு பளிச்சுனு பொய் சொல்லுது பாத்தீங்களா?"

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? கையில நல்ல பெட்டி இருக்கறப்ப எதுக்குங்க போய் இதை வாங்கினீங்க? என்னை நாலு பேர் முன்னாடி..." அவள் நிறுத்திக்கொண்டாள். தயார் செய்த பேச்சின் நடுப்பகுதி அது. "ஏறுங்க. புதுசாக் குறிங்க. சிவப்புல குறிங்க."

அவர் சாரத்தில் ஏறினார். அக்கா கூடத்தின் நடுவில் முக்காலியை நிறுத்தி சிவப்புப் பெட்டியை வைத்தாள். உள்சுவரில் கோடு விழுந்தது. வெளிச்சம் அதிகம்தான், ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது, ஏணிக்கும் தெரிந்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

சாரத்தின் கால் கோட்டை மறைத்தது. முக்காலியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. தூக்கும்போது உள்ளே ஆடுகிற பாகம் அடிபடக் கூடாது என்று பெட்டியைப் பூட்டுவாள். பூட்டினால் வெளிச்சமும் நின்றுவிடும். பழக்கத்தில் பூட்டினாள், தூக்கினாள், வைத்தாள். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது, தெரியுது." மேலே அவர் பென்சிலைச் சுவரில் வைத்துவிட்டார். "இங்கதானே, ஆங்கிள் பட்டைக்கு மேல. குறிக்கட்டுமா?"

அக்கா பெட்டியைப் பார்த்தாள். பூட்டு இன்னும் திறக்கவில்லை.

சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றுமில்லை. அங்கே, ஒன்றுமில்லாத இடத்தில், பென்சிலை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். ஏணி வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க," என்றாள். குரலை எப்படியோ பழையபடியே வைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவைதான் கேப்ப? நல்லாத் தெரியுது."

ஏணியை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னாள். அவன் போன பிறகு, "இறங்குங்க," என்றாள். இறங்கி வந்தவரின் கையைப் பிடித்துப் பெட்டியின் பூட்டின் மேல் வைத்தாள்.

அவர் தொட்டுப் பார்த்தார். புரிந்தது. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து."

"எது முதல் நாள்?"

"நீ கொண்டுவந்து கொடுத்தியே, அன்னிக்கு. இருட்டுல வெச்சா தெரியும். வெளிச்சத்துல சுத்தமாத் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் போலன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா, இவனுங்க எல்லாம் மத்தியானத்துலயே குறிக்கறானுங்க."

"பதினோரு வருஷம்."

"ம்."

"பதினோரு வருஷமா ஊர் ஊராப் போய் ஜன்னலை மூடறதுக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? சிவப்பு தெரியலன்னா கண்ணாடியை மாத்துன்னு நீ தினம் பத்துப் பேர்கிட்ட சொல்ற. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் உள்ள உக்காந்து கேட்டுட்டிருக்கேன். கண்ணாடியும் மாத்திப் பாத்தேன், ரெண்டு தடவை. அப்பவும் தெரியல. சீலிங்காரனுக்குக் கண்ணு சரியில்லன்னு வெளியில போச்சுன்னா யார் வேலை கொடுப்பா?"

அக்காவுக்கு வந்த கோபத்தை யார் மேல் இறக்குவது என்று தெரியவில்லை. அவர் மேல் பாதி வந்தது. மீதி திரும்பி வந்து தன் மேலேயே விழுந்தது. கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் வேலை எங்கே, தூரம் எவ்வளவு, வெயில் வருமா என்று கேட்டவள். பார்க்கப் போகிற கண் எப்படி என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. வீட்டில் ஒரு கண் இருந்தது, அதையும் கேட்கவில்லை.

"அன்னிக்குக் கடைக்கு வந்து பச்சையை எடுத்து எடுத்துப் பாத்தீங்களே. அப்பவாவது அடம் பிடிச்சு எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

"நீதான் தங்கம் மாதிரி பெட்டின்ன."

"நான் சொன்னா? நான் சொல்றதை நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க, இதை மட்டும் கேக்கறதுக்கு?"

டீ வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். ஏணி கூரையையே பார்த்துக்கொண்டு குடித்தான்.

கண் டாக்டர் மறுநாள் காலையில் புள்ளிப் படங்களைக் காட்டிப் பார்த்துவிட்டு, இது பிறவியிலேயே உள்ளது என்றார். சிவப்பு வெளிச்சம் இவர் கண்ணுக்கு மிகவும் மங்கலாகத்தான் தெரியும், பச்சை மற்றவர்கள் மாதிரியே தெரியும். இதற்குக் கண்ணாடியும் கிடையாது, மருந்தும் கிடையாது என்றார். கண்ணாடியும் கிடையாது என்ற இடத்தில் வீட்டுக்காரர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் நேராகக் கடைக்குப் போனார்கள். அடுக்கில் இருந்த பச்சைப் பெட்டிகள் ஐந்தையும் இறக்கினாள். திருப்பித் திருப்பிக் குறித்தாள். நான்கு தேறின. நான்கில் ஒன்றை எடுத்து, சுவரில் அடித்து, பெட்டி எரிகிறதா என்று தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"தெரியுதா?"

அவர் எழுந்து போய் கோட்டின் மேல் விரலை வைத்து, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார். பட்டப்பகல். கடை வாசல் திறந்திருந்தது.

"ம்," என்றார்.

இரண்டு பேட்டரி அவளே எடுத்துப் பையில் போட்டாள். "இது குடிச்சுத் தீத்துடும். மத்தியானம் மாத்திடுங்க. மறந்துட்டு என்னைச் சொல்லாதீங்க."

வியாழக்கிழமை காலையில் அக்காவும் கூடத்துக்குப் போனாள். முந்தின நாள் மத்தியானமே ஏணியும் இன்னும் இரண்டு ஆட்களும் பலகைகளைப் பிரித்துச் சுவர் ஓரம் சாய்த்து வைத்திருந்தார்கள். வெள்ளி சாயங்காலம் என்ஜினியரம்மா வரும்போது சீலிங் நிற்க வேண்டும், ஒரே விரல் இடைவெளியோடு. நேரம் மட்டு மட்டு. ஒரு நிமிஷம் வீணாகக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பச்சைக் கோடு உள்சுவரில் நீளத்துக்கும் ஓடி நின்றது. அவள் முக்காலியைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள். சாரத்தின் மேல் ஆளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் வண்டியிலிருந்து எதையோ தோளில் சுமந்துகொண்டு உள்ளே வருகிறார். கறுப்பாக, உருட்டிக் கட்டியது.

"என்னங்க அது?"

அவர் நின்றார். தோளில் இருந்ததைப் பார்த்தார். சுவரில் ஓடுகிற கோட்டைப் பார்த்தார்.

"படுதா," என்றார்.

"தெரியுது. எதுக்கு?"

பதினோரு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

"பழக்கத்துல கையில வந்துடுச்சு," என்றார்.

மேலே ஏணி சாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"கீழ விரிங்க," என்றாள். "பலகையாவது அழுக்காகாம இருக்கட்டும். விரிச்சுட்டு ஏறுங்க. நேரம் போகுது."